இலங்கை மலையகத்தில் வீடு கட்டும் ஊழியப் பயணம்: நாம் போக வேண்டுமா, பணத்தை அனுப்பினால் போதுமா?

குழித்துறை வாலிபர் ஐக்கியம் கேட்டது:

அனைவருக்கும் அன்பின் வணக்கம். குழித்துறைக்கு அருகிலுள்ள ஒரு சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த பகுதியில்) வாலிபர் ஐக்கியத்தின் செயலாளராக இருக்கிறேன். இலங்கையில் ஹட்டன் பக்கத்துச் சிறிய சபை ஒன்று, தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில்) குடியிருக்கும் சில குடும்பங்களுக்கு வீடு கட்டும் பணியில் இறங்கியிருக்கிறது. அந்தப் பணியில் கைகொடுக்க வாலிபர்களை அனுப்ப முடியுமா என்று அந்தச் சபையின் போதகர் எங்கள் ஆயருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான். பேசும் மொழியும் நம் மொழியே. அதனால் எங்கள் பிள்ளைகள் மிகுந்த ஆவலோடு பெயர் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் தங்கி வேலை செய்துவிட்டு வரலாம் என்பது இப்போதைய திட்டம்.

சேகரக் கமிட்டியில் மூத்தவர் ஒருவர் எழுப்பிய கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. விமானக் கட்டணம், தங்கும் செலவு, உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டினால் அந்தத் தொகையிலேயே அங்கே ஒரு வீட்டின் பெரும்பகுதி எழும்பிவிடும். அப்படியிருக்க, கொத்தனாரின் கரணையைப் பிடித்தறியாத பிள்ளைகளை அனுப்பி என்ன பயன் என்று அவர் கேட்டார். எங்கள் குழுவில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு செவிலியர், ஓர் ஆட்டோ ஓட்டுநர், ரப்பர் பால் வெட்டும் இருவரும் இருக்கிறார்கள். கட்டட வேலை செய்து பழகியவர் ஒருவருமில்லை. அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளின் ஆவலிலும் உண்மை இருக்கிறது.

இத்தகைய பயணங்களில் போனவர்கள், வீடு பெற்றவர்கள், கட்டட வேலை அறிந்தவர்கள் யாராயிருந்தாலும் உங்கள் கருத்தை மறைக்காமல் சொல்லும்படி வேண்டுகிறேன். போவதானால் எப்படிப் போக வேண்டும், எதை முதலில் விசாரிக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.


குளச்சல் கரையோரம் எழுதியது:

தம்பி, கட்டிக் கொடுப்பவர்களின் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்கிறீர்கள். கட்டிக் கொடுத்த வீட்டில் குடியேறியவர்களின் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். எங்கள் குடும்பத்தின் வீடும் அன்று போயிற்று. தற்காலிகக் கொட்டகையில் வாழ்ந்த பிறகு, ஒரு தொண்டு நிறுவனம் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அந்த உதவியை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த வீட்டின் வரைபடம் எங்கோ ஓர் அலுவலகத்தில் வரையப்பட்டது. என் அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் வெட்டிக் கழுவுவதற்கு வெளிப்புறத்தில் ஒரு கல் வேண்டும், வலையை விரித்துப் பொத்தல் அடைப்பதற்குத் திண்ணை வேண்டும், விறகு எரியும் அடுப்புக்குப் புகை போகும் வழி வேண்டும் என்பதெல்லாம் அவள் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியவை. வீடு கிடைத்த பிறகு, வெளிச்சுவரை ஒட்டித் தகரம் சாய்த்து, எங்கள் செலவில் அடுக்களையைத் தனியே கட்டிக்கொண்டோம்; எங்கள் வரிசையில் பல வீட்டாரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த நாட்களில் வெளிநாட்டு வாலிபர் குழுக்களும் வந்து வேலை செய்தன. அவர்களின் மனம் நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர்கள் பகலில் வைத்த செங்கல் வரிகளைக் கொத்தனார்கள் மாலையில் பிரித்துத் திரும்ப வைத்ததைச் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். கரணையும் தூக்குக் குண்டும் விருந்தினர் கையில் இருந்த நேரம் முழுவதும் கொத்தனார்கள் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. அதே குழுவில் ஒரு பெண், தனக்குக் கட்டத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டு, எங்கள் தெருப் பெண்களோடு உட்கார்ந்து மணல் சலித்தாள். அம்மா இன்றும் விசாரிப்பது அவளைத்தான்.

நான் கல்லூரியில் சமூகப்பணி கற்பிப்பவன் என்பதால் ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். 1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸ் நாட்டைச் சிதைத்த பிறகு, வட அமெரிக்கச் சபைகளிலிருந்து வாலிபர் குழுக்கள் அங்கே சென்று வீடுகள் கட்டின. அந்த வீடுகளையும், உள்ளூர் மக்களே ஒரு கிறிஸ்தவ அமைப்பின் துணையோடு கட்டிய வீடுகளையும் கர்ட் வெர் பீக் என்னும் சமூகவியலாளர் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு வீட்டைக் கட்ட ஏறத்தாழ 2,000 டாலர் போதுமானதாக இருந்தது. ஒரு குழு தன் பயணத்துக்குச் செலவிட்டதோ ஏறத்தாழ 30,000 டாலர். யார் கட்டினார்கள் என்பதால் அந்தக் குடும்பங்களின் வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. போய்வந்தவர்கள் வாழ்க்கை அடியோடு மாறிவிட்டதாகச் சொன்னாலும், அவர்களுடைய காணிக்கையிலும் பழக்கத்திலும் அந்த மாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் கமிட்டி மூத்தவர் கேட்ட கேள்வியை அந்த ஆய்வு எண்களோடு கேட்கிறது.

இதற்கு நேர்மாறான முறையை இலங்கையிலேயே பார்க்கலாம். இந்திய அரசு அங்கே 50,000 வீடுகளுக்கு உதவியபோது, வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் வீட்டுக்காரரே முன்னின்று கட்டும் முறையைப் பின்பற்றியது. ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் போயிற்று. அடித்தளம் முடிந்தால் அடுத்த தவணை, சுவர் எழுந்தால் அதற்கடுத்தது என்ற வகையில். கொத்தனாரை அமர்த்தியதும் பொருள் வாங்கியதும் குடும்பம். வெளியிலிருந்து வந்தவர்கள் தொழில்நுட்ப ஆலோசனை சொன்னார்கள், மேற்பார்வை செய்தார்கள்.

எனவே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைபடத்தை யார் தீர்மானித்தது, அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டார்களா என்பதை அறியாமல் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.


அருமனைக் கொத்தனார் எழுதியது:

நான் அருமனைக்காரன். இளவயதில் கையாளாகத் தொடங்கி, திருவனந்தபுரத்திலும் பின்னர் வளைகுடாவிலும் கொத்து வேலை செய்தவன். மேலே எழுதிய அண்ணன் சொன்ன காட்சி எல்லாக் கொத்தனாருக்கும் பழக்கமானது. ஆனாலும் வேலை தெரியாதவனுக்குக் கட்டடத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கொத்தனார் நிற்காமல் வேலை செய்ய வேண்டுமானால், அவருக்குப் பின்னால் குறைந்தது ஒன்றிரண்டு கையாட்கள் ஓட வேண்டும். மலைச்சரிவில் அந்த ஓட்டம் இரட்டிப்பாகும். லாரி வீடு வரை போகாது. கல்லையும் மணலையும் சிமெண்ட் மூட்டையையும் ஆள்தான் சுமந்து ஏற்ற வேண்டும். அங்கேதான் உங்கள் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது.

வானம் (அடித்தளக் குழி) தோண்டலாம், மண்ணைக் கூடையில் எடுத்து அப்புறப்படுத்தலாம், மணல் சலிக்கலாம், கலவை குழைத்துச் சட்டியில் கொண்டு கொடுக்கலாம், சிமெண்ட் கல்லைக் கைமாற்றி மேலே ஏற்றலாம். எல்லாவற்றையும்விட ஒரு வேலையைப் பெரும்பாலும் எவரும் சரியாகச் செய்வதில்லை, அது நனைப்பது. கட்டிய சுவரைக் குறைந்தது ஏழு நாளாவது காலையும் மாலையும் நனைக்க வேண்டும். கான்கிரீட்டுக்கு அதைவிடக் கூடுதலான நாள் ஈரம் வேண்டும். கூலிக்கு வருகிற ஆள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வீட்டுக்காரர் கொழுந்து பறிக்கவோ தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவோ மலைக்குப் போய்விடுவார். சுவர் வெயிலில் காய்ந்து பொடியும். இரண்டு வாரமும் பொறுப்பாக நனைக்கிற இரண்டு பிள்ளைகள் இருந்தால், அந்தச் சுவருக்கு அது பெரிய உதவி.

செய்யக் கூடாததையும் சொல்கிறேன். கம்பி கட்டுவதிலும், மூலை எடுப்பதிலும், கதவு நிலை வைப்பதிலும் பழகாதவர் கை வைக்கக் கூடாது. சுவர் ஒரு நாளில் நான்கு, ஐந்து அடிக்கு மேல் ஏறக் கூடாது. கீழே உள்ள சாந்து இறுகாமல் மேலே பாரம் ஏற்றினால் சுவர் தூக்குத் தப்பி, நேராக நிற்காது. ஊருக்குத் திரும்பும் நாளுக்குள் கூரை வரை பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் அவசரப்படுவார்கள். அந்த அவசரத்துக்கு மேஸ்திரி இணங்கக் கூடாது. நீங்களும் அவரை வற்புறுத்தக் கூடாது. நீங்கள் திரும்பும்போது வீடு பாதியில் நிற்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு இங்கேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இங்கிருந்து என்னைப் போன்ற கொத்தனார்களைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். வேண்டாம். அங்கே தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கட்டட வேலைக்குக் கொழும்பு வரை போகிறார்கள். அவர்களுக்குச் சொந்த ஊரிலேயே கிடைக்கிற கூலியை நாம் போய்ப் பறிக்கக் கூடாது. அங்குள்ள மேஸ்திரியின் கீழ் நம் பிள்ளைகள் கையாளாக நிற்கட்டும். அவர் சொன்னதைச் செய்யட்டும்.


நாகர்கோவில் தணிக்கையாளர் எழுதியது:

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் சேகரமோ அதன் அறக்கட்டளையோ தன் கணக்கிலிருந்து வெளிநாட்டில் செலவு செய்வதற்கு முன்பு தணிக்கையாளரைக் கலந்துகொள்ளுங்கள். அறக்கட்டளையின் வருமானம் இந்தியாவுக்கு வெளியே செலவிடப்பட்டால், நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லாத நிலையில் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. நல்ல நோக்கத்தோடு அனுப்பினோம் என்பதை வரி அலுவலர் ஏற்க மாட்டார். தனிமனிதர் அன்பளிப்பாக அனுப்புவது வேறு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் (LRS) ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி வழியாக அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் வந்த பணம் உங்கள் கணக்கில் இருந்தால், அதை எக்காரணத்துக்காகவும் இந்தப் பணியோடு கலக்க வேண்டாம். கையில் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.


குழித்துறை வாலிபர் ஐக்கியம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இதுவரை படித்ததை வைத்துப் பார்த்தால், குழுவைப் பாதியாகக் குறைத்து, மிச்சமாகும் பயணச் செலவைக் கட்டுமானத்துக்குக் கொடுப்பது என்ற வழி எனக்குத் தெளிவாகிறது. ஆனால் கமிட்டியில் வேறொரு பிரச்சினை கிளம்பியிருக்கிறது. பகலில் வீட்டு வேலை, மாலையில் லயத்துக்கு முன் நற்செய்திக் கூட்டம் என்று நிகழ்ச்சி நிரல் போட வேண்டும், இல்லாவிட்டால் இதை ஊழியப் பயணம் என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்கிறார்கள். அங்குள்ள குடும்பங்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்றும் கேள்விப்படுகிறேன். இதில் பெரியவர்களின் கருத்து வேண்டும்.


ரப்பர் தோட்டத்துப் பேத்தி எழுதியது:

அண்ணா, நான் நம் மாவட்டத்து மலையோர ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் பாட்டி தலவாக்கலைப் பக்கத்தில் பிறந்தவர். 1948-இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் இயற்றியபோது எங்கள் சனம் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் என் பாட்டியின் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே ரப்பர் வெட்டும் வேலைக்கு வந்தார்கள். பாட்டியின் தங்கை அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் லயத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போய் அங்கே தங்கியிருக்கிறேன்.

லயம் என்பது வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய நீண்ட வரிசை. ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஓர் அறை, முன்னால் சின்னத் தாழ்வாரம். பல இடங்களில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும்; பின்பக்கச் சன்னலுக்கு வழியே இல்லை. மகனுக்குக் கல்யாணமானால் தாழ்வாரத்தை அடைத்து அவனுக்கு அறை ஆக்குவார்கள். மாமி வீட்டில் விறகுப் புகை படிந்து கறுத்த சுவரில், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தேன். உறை இல்லாவிட்டால் ஒழுகும் மழையில் அது நனைந்துவிடும். மலையகத் தமிழர் அங்கே போய் 200 ஆண்டு ஆனதை 2023-இல் நினைவுகூர்ந்தார்கள். அத்தனை தலைமுறை உழைத்த பிறகும் மிகப் பலருக்குச் சொந்தமென்று சொல்லக் காணி இல்லை.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது நிலத்தைப் பற்றி. அந்த வீடுகள் எந்த நிலத்தில் எழும்புகின்றன? தோட்டக் கம்பனிக்குக் குத்தகை விடப்பட்ட நிலமாக இருக்கலாம்; சபையின் பெயரில் வாங்கிய நிலமாக இருக்கலாம்; குடும்பத்தின் பெயரிலேயே உறுதி (பத்திரம்) எழுதிய காணியாகவும் இருக்கலாம். மலையக வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் என்று கொடுத்தார்கள். நம் ஊர்க் கணக்கில் அது நாலரை சென்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த உறுதியில் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் கொழுந்து பறித்து வீட்டைக் காப்பாற்றுகிறவள் அவள்தான். நிலம் சபையின் பெயரில் இருந்தால், நாளைக்கு அந்தக் குடும்பம் வேறு சபைக்குப் போனால் அல்லது போதகரோடு மனத்தாங்கல் வந்தால் வீட்டுக்கு என்ன ஆகும்? நீங்கள் போவதற்கு முன் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இரண்டாவது, மண்சரிவு. 2014 அக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்திலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போக வேறு இடமில்லாமல் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். இப்போது மலையகத்தில் வீடு கட்டும் இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். அது கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், எவ்வளவு அன்பாக அழைத்தாலும் போகாதீர்கள்.

மாலைக் கூட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர்களில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, சபைக்குப் போகிறவர்களும் உண்டு; ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். பகலில் கல் சுமந்து கொடுத்தவர்கள் மாலையில் மேடை போட்டுக் கூப்பிட்டால், வர மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. வந்து உட்காருவார்கள். அதை விசுவாசம் என்று நீங்கள் எழுதிக்கொண்டு வந்தால், அவர்களுக்கு அது பெரிய அவமானம்.


பாறசாலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

தம்பி, அந்த மகள் எழுதியதை உங்கள் கமிட்டியில் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். நான் அதற்குச் சட்டத்தின் பக்கத்தையும் நம் மண்ணின் வரலாற்றையும் மட்டும் சேர்க்கிறேன்.

இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் தருகிறது. இலங்கை அரசியலமைப்பில் அந்தச் சொல் இல்லை. அங்கே பௌத்தத்துக்கு முதன்மையான இடம் தரப்பட்டிருக்கிறது. மதத்தைப் பின்பற்றவும் வழிபடவும் எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பரப்புவதை அடிப்படை உரிமையாக ஏற்க முடியாது என்று 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்மேல் நீங்கள் வெளிநாட்டவர். சுற்றுலா விசாவில் நுழைந்துவிட்டு மேடையேறிப் பிரசங்கிப்பது உங்களை அழைத்த சபைக்கே தீங்காக முடியும். விசாரணைக்கு வருகிற அதிகாரி நீங்கள் திரும்பிய பிறகும் அந்தப் போதகரின் வாசலுக்குத்தான் வருவார். சுற்றுலா விசா ஊதியமில்லாத வேலைக்கும் பொருந்தாது. ஆகவே இந்தப் பணியின் தன்மையை மறைக்காமல் எழுதி, எந்த வகை விசா பொருந்தும் என்று அந்தச் சபை வழியாகக் குடிவரவுத் துறையில் விசாரித்து, அதன்படி விண்ணப்பியுங்கள். கட்டட வேலைக்குப் போகிறோம் என்பதை விமான நிலையத்தில் சொல்லக் கூசும் நிலையில் எந்தக் குழுவும் போகக் கூடாது.

இலங்கைக்குப் பதிலாக நேபாளம் போகலாம் என்று யாராவது சொன்னால், அங்கே இதைவிடக் கடுமை. 2018-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி, மதம் மாற்ற முயல்வதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பின் நாடு கடத்துவார்கள்.

நம் பகுதிக்கு வந்த ஊழியர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1806-இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது, மயிலாடி வேதமாணிக்கம் அழைத்ததன் பேரில். 1920-களில் மார்த்தாண்டத்தில் கே. டி. பாலின் முயற்சியாலும் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்சின் உழைப்பாலும் வளர்ந்த ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் கற்றுக் கொடுத்தது. மக்கள் தம் சொந்தக் காலில் நிற்க உதவுவதே அதன் கொள்கை. தேன் இன்றும் மார்த்தாண்டத்தின் பெயரோடு ஒட்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களை உங்கள் பொறியியல் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். பர்மிங்காமில் பிறந்தவர்; குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1945-இல் தொழுநோயாளருக்கான மிஷன் பணிக்காகக் கட்டடக் கலைஞராக இந்தியாவுக்கு வந்தார். இங்கிலாந்தில் படித்தது இங்கே உதவாது என்று கண்டு, இமயமலையடியில் பித்தோராகட்டில் குடியிருந்த நீண்ட காலத்தில், அந்த ஊர் மக்கள் கல்லையும் மண்ணையும் கொண்டு எப்படிக் கட்டுகிறார்கள் என்று கவனித்துக் கற்றார். பிறகு கேரளம் வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். எழுபதுகளில் பூந்துறை மீனவர்களுக்கு வீடு கட்டியபோது, அவற்றை நேர்வரிசையில் அடுக்காமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி அமைத்தார். கடற்காற்று எல்லா வீட்டுக்கும் வர வேண்டும், வலை உலர்த்தவும் பிள்ளைகள் விளையாடவும் முன்னால் இடம் வேண்டும் என்பதே காரணம். குளச்சல் நண்பரின் அம்மாவிடம் எவரும் கேட்காததை அவர் பூந்துறையில் தாமாகவே கவனித்திருந்தார். போகும் முன் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இதை ஊழியம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு வேதாகமத்தில் நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டலாம். எருசலேமின் மதிலைக் கட்டினவர்களில் பொற்கொல்லரும் பரிமளத் தைலக்காரரும் இருந்தார்கள். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள பங்கைக் கட்டினார்கள். அந்த அதிகாரம் முழுவதிலும் பிரசங்கம் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபையின் ஆராதனையில் மற்ற விசுவாசிகளோடு பிள்ளைகள் உட்காரட்டும்; காலையில் தங்கள் அறையில் ஜெபித்துவிட்டு வேலைக்கு இறங்கட்டும். யாராவது தாமாக வந்து கேட்டால் தங்கள் நம்பிக்கையைச் சொல்லட்டும். வீடு பெறுவோர் பட்டியலைச் சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்களா, தேவையைப் பார்த்து எடுத்தார்களா என்பதையும் அந்தப் போதகரிடம் கேளுங்கள். முதலாவதாக இருந்தால் எனக்கு அதில் உடன்பாடில்லை.


குளச்சல் கரையோரம் எழுதியது:

ஆயர் ஐயா சொன்ன பட்டியல் விஷயம் மிக முக்கியம். எங்கள் ஊரில் சுனாமிக்குப் பிறகு வந்த மனக்கசப்புகளில் பெரும்பகுதி, யாருக்கு முதலில் வீடு என்பதில்தான் தொடங்கியது. லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களையும் வைத்துப் பொதுவில் பேசி, மாற்றுத்திறனாளி உள்ள வீடு, விதவை தலைமையில் உள்ள வீடு, கூரை விழும் நிலையில் உள்ள வீடு என்று அவர்களே வரிசை வைத்தால் மனத்தாங்கல் பெரிதும் குறையும். வீடு கிடைக்காத குடும்பத்தார் நாளைக்கும் அதே வரிசையில்தான் குடியிருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் புகைப்படம் எடுத்து முகநூலில் போடுவதற்கும் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். எங்கள் தாய்மார் அழுத முகங்கள் யார் யாருடைய சுவரொட்டிகளிலோ வந்ததை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.


அருமனைக் கொத்தனார் எழுதியது:

காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹட்டன் பக்கம் நம் இடவப்பாதி மழையைப் போலவே மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை மழை கொட்டும். அந்த நாளில் வானம் தோண்டினால் பக்கமெல்லாம் சரிந்து விழும். ஜனவரி முதல் மார்ச் வரை போனால் வேலை நடக்கும். கல்லூரி விடுமுறையைப் பார்த்து மே மாதம் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

சரிவில் கட்டுவதானால் வீட்டைவிட முதலில் தண்ணீர் போகும் வழியைப் பார்க்க வேண்டும். மேற்பக்கத்து மண்ணை வெட்டி மட்டம் எடுத்தால், அந்த வெட்டுக்குத் தாங்குசுவர் வேண்டும். சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளை விட வேண்டும். மேலே விழும் மழைநீர் அடித்தளத்துக்கு வராமல் வடிகால் வெட்ட வேண்டும். மதிப்பீட்டில் இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் வீட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் வடிகாலுக்குக் கொடுக்க முன்வருவதில்லை. உங்கள் குழுவைக் குறைத்து மிச்சப்படுத்தும் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தோன்றவில்லை.

வீட்டு வரைபடமும் மதிப்பீடும் அந்த மண்சரிவு அறிக்கையும், சரிவு தெரியும்படி நான்கு பக்கமிருந்தும் எடுத்த நிலத்தின் படமும் அனுப்பச் சொல்லி அந்தப் போதகருக்கு எழுதுங்கள். வந்ததும் எனக்கு இங்கேயே தனிச் செய்தி அனுப்புங்கள், தம்பி. ஒரு சனிக்கிழமை மாலை உங்கள் சேகரக் கூடத்துக்கு வந்து பார்த்துச் சொல்கிறேன்; அன்றே பிள்ளைகளுக்குக் கலவை குழைக்கவும் மணல் சலிக்கவும் கற்றுக் கொடுக்கலாம், கொஞ்சம் மணலும் ஒரு சல்லடையும் மட்டும் ஏற்பாடு செய்து வையுங்கள்.